விலாசங்களின் சரித்திரம்

சிங்கப்பூர்த் தீவின் நடுப்பகுதியில், ஒரு காலத்தில் சதுப்பு நிலமும் காய்கறித் தோட்டங்களும் அத்தாப்புக் கூரை வேய்ந்த கம்பத்து வீடுகளுமாக இருந்து, 1960களின் நடுவில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தாரின் கைக்கு வந்து, அடுத்த பத்தாண்டுக்குள் அடுக்குமாடிகளின் நகரமாக உருமாறிய தோ பாயோ, சரித்திரம் எழுதுவோரின் கவனத்தைப் பல காரணங்களால் கவர்ந்திருக்கிறது. அக்கழகத்தார் முதற்கல் தொடங்கித் தாமே திட்டமிட்டுக் கட்டி முடித்த முதல் நகரம் அது. 1972இல் இரண்டாம் எலிசபெத் அரசியார் வந்து 53ஆம் புளோக்கின் உச்சியில் நின்று பார்த்த நகரம். மறு ஆண்டு தென்கிழக்காசியத் தீபகற்ப விளையாட்டுப் போட்டிக்கு வந்த வீரர்கள் தங்கிய கிராமம் அமைந்ததும் அங்கேதான். இவற்றைப் பற்றி மற்றவர்கள் விரிவாக எழுதியிருக்கிறார்கள். எனக்கு அந்நகரத்தைப் பற்றிச் சொல்ல இருப்பது வேறொரு விஷயம்: அதன் விலாசங்கள்.

கம்பத்து நாட்களில் ஒருவரைத் தேடிப் போகிறவன் முச்சந்திக் கடையில் பெயரைச் சொல்லி விசாரித்துத்தான் வீட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். நகரம் எழுந்தபோது தெருக்களுக்கு லோரோங் 1, லோரோங் 2 என்று எண்களே பெயர்களாயின. வீடுகளுக்குப் புளோக் எண், மாடி எண், கதவு எண் என்று மூன்று எண்கள் வாய்த்தன. 1995 செப்டம்பரில் ஆறு இலக்கத் தபால் எண் முறை வந்ததும், ஒவ்வொரு கட்டடத்துக்கும் பிரத்தியேகமான ஓர் எண் கிடைத்தது. லோரோங் 6இல் இருக்கும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத் தலைமையகத்தின் கட்டட எண் 480. அதன் தபால் எண் 310480. முதல் இரண்டு இலக்கங்கள் வட்டாரத்தையும், இறுதி நான்கு இலக்கங்கள் கட்டடத்தையும் காட்டிவிடுகின்றன. பெயர் தெரிந்தால் எண் தெரியும், எண் தெரிந்தால் வழி தெரியும் என்ற ஏற்பாடு இது.

இதே தலைமையகத்துக்குச் சமீபத்தில், 1974 முதல் இயங்கிவரும் தோ பாயோ பொது நூலகத்தில் ஒரு மாணவி உட்கார்ந்து தன் கைப்பேசியைத் திறக்கும்போது, கண்ணிமைக்கும் நேரத்தில் நடந்து முடிகிற காரியம் ஒன்று உண்டு. அவளுடைய கைப்பேசி காற்றலையில் 'எனக்கு விலாசம் கொடுப்பார் யார்?' என்று பொதுவாகக் கேட்கிறது. ஓரிடத்திலிருந்து விலாசம் ஒன்று, இத்தனை நேரத்துக்கு என்ற தவணையோடு வருகிறது. கூடவே 'பெயர்களுக்கு எண் கேட்க வேண்டுமானால் இன்னாரிடம் போ' என்ற குறிப்பும் வருகிறது. அதன் பிறகே அவள் தட்டெழுதும் பெயருக்குப் பொருள் உண்டாகிறது. அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் விலாசம் இருந்தும் பிரயோஜனமில்லை. கட்டடத்தின் எங்கோ ஒரு மூலையில், பூட்டிய அறைக்குள், வயர்லெஸ் கன்ட்ரோலர் என்னும் யந்திரத்தில் ஒருவர் என்றோ நிரப்பி வைத்த ஒன்றிரண்டு வரிகளே அந்தக் குறிப்பின் மூலம். அவ்வரிகளுக்கு நீண்ட பரம்பரை ஒன்று உண்டென்பதையும், அதில் சிங்கப்பூருக்கும் தமிழுக்கும் சிறிதல்லாத பங்கு உண்டென்பதையும் பலர் அறியார்.

பரம்பரையின் தொடக்கத்தைக் கணிப்பொறிக்கு வெகுகாலம் முன்பே, மார்க்கெட் ஸ்திரீட்டில் தேடலாம். செட்டிநாட்டிலிருந்து வந்து வட்டிக்கடை நடத்திய நகரத்தார், அத்தெருவின் கிட்டங்கிகளில் தொழில் செய்தார்கள். ஒரே கட்டடம், ஒரே கதவு எண். உள்ளே நீண்ட கூடத்தின் இருபுறமும் பெட்டியடிகள். ஒவ்வொரு பெட்டியடியும் ஒரு தனி ஸ்தாபனம். முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்து அமைத்த விலாசம் ஒன்றே ஒரு ஸ்தாபனத்தை மற்றொன்றிலிருந்து பிரித்துக் காட்டியது. மூன்றாண்டுக் கணக்கு முடிந்ததும் ஏஜெண்டு ஊருக்குக் கப்பலேறுவார், புதியவர் அதே பெட்டியடியில் வந்து அமர்வார். ஆனால் விலாசம் மாறாது. ரங்கூனிலும் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் அந்த விலாசத்துக்கு எழுதிய கடிதம், உட்கார்ந்திருப்பவர் யாராயினும், சேர வேண்டிய கடைக்கே சேர்ந்தது. மனிதரும் இடமும் மாறலாம், பெயர் நிலைக்க வேண்டும் என்பதை, வியாபார நம்பிக்கையின் அஸ்திவாரமாக அவர்கள் கண்டறிந்திருந்தார்கள். பின்னாளில் கணிப்பொறி விற்பன்னர்கள் பெரும்பாடுபட்டுக் கண்ட தத்துவமும் இதுவேதான்.

1870-71இல் சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குக் கடலடித் தந்திக்கம்பி வந்தபோது, இதே தேவை வேறு ரூபத்தில் தலையெடுத்தது. தந்தியில் விலாசத்தின் சொற்களுக்கும் கட்டணம் உண்டாகையால், வியாபாரிகள் ஒற்றைச் சொல் ஒன்றைத் தந்தி அலுவலகத்தில் பதிவு செய்துகொண்டார்கள். அச்சொல் வந்தால், குமாஸ்தா பேரேட்டைப் புரட்டி, எந்தத் தெருவின் எந்தக் கடை என்று கண்டு சேவகனை அனுப்புவார். பெயரைக் கொடுத்து இருப்பிடம் பெறும் பேரேடு ஒன்று, அதைப் பார்த்துச் சொல்வதற்கென்றே உத்தியோகஸ்தர் ஒருவர்: இவ்விரண்டும் அன்றே இருந்தன.

அமெரிக்காவில் 1970களில், பல்கலைக்கழகங்களையும் ஆராய்ச்சிச் சாலைகளையும் இணைத்த ஆர்ப்பாநெட்டிலும் இப்படி ஒரு பேரேடுதான் முதலில் இருந்தது. கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில், ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சிக் கழகத்தில், எலிசபெத் ஃபைன்லர் என்னும் அம்மையார் தலைமையில் இயங்கிய தகவல் மையத்தார், எந்தப் பெயருக்கு எந்த எண் என்ற பட்டியலை ஒரே கோப்பாக எழுதி வைத்தார்கள். எல்லா ஊர் யந்திரங்களும் அதைப் பிரதியெடுத்துக்கொண்டன. யந்திரங்கள் சில நூறாக இருந்தவரை இந்த ஏற்பாடு போதுமானதாயிற்று. தொகை பெருகவே, கோப்பு வந்து சேர்வதற்குள் அது பழசாகிவிடும் நிலை ஏற்பட்டது. 1983இல் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் மொக்கபெட்ரிஸ், பேரேட்டை ஓரிடத்தில் வைக்காமல், ஒவ்வொரு பிரிவினரும் தத்தம் பகுதியைத் தாமே பராமரித்து, கேட்பவருக்குக் கேட்டபோது சொல்லும் முறையை வகுத்தார். டி.என்.எஸ். என்று இன்று எல்லாரும் சொல்லும் பெயர்முறை அதுவே. அதிகாரத்தைப் பங்கிட்டதனால்தான் அது நாற்பது ஆண்டுகளாக நிலைத்திருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

பேரேடு எங்கே இருக்கிறது என்பதைப் புதிதாக வந்த யந்திரத்துக்குச் சொல்வது யார்? இந்தக் கேள்விக்கான விடை மெல்ல மெல்லத்தான் கனிந்தது. 1984இல் வெளியான ரார்ப் என்னும் முறை, வன்தட்டு இல்லாத யந்திரத்துக்கு அதன் எண்ணை மட்டும் சொல்லும். அதற்கு மேல் ஒரு வார்த்தையும் சொல்லாது. 1985இல் பில் க்ராஃப்ட்டும் ஜான் கில்மோரும் எழுதிய பூட்பி, எண்ணோடு வேறு தகவல்களையும் எடுத்துச் செல்ல இடம் வைத்தது. 1988இல் அந்த இடத்தில் எவையெவை எழுதப்படலாம் என்று எண்ணிட்டு வகுத்தபோது, ஐந்தாம் எண் அக்காலத்துப் பழைய பெயர்ச் சேவைக்கும், ஆறாம் எண் புதிய டி.என்.எஸ். சர்வர்களுக்கும் ஒதுக்கப்பட்டன. 1993 அக்டோபரில் பூட்பியின் வாரிசாக டி.எச்.சி.பி. பிறந்தபோதும், 1997 மார்ச்சில் பக்நெல் பல்கலைக்கழகத்து ரால்ஃப் ட்ராம்ஸ் அதைத் திருத்தி வெளியிட்டபோதும், அந்த எண்கள் மாறவேயில்லை. இன்று தோ பாயோ நூலகத்து மாணவியின் கைப்பேசிக்கு வரும் பதிலைப் பிரித்துப் பார்த்தால், அதில் ஆறாம் எண்ணுக்கு எதிரே பெயர்ச் சர்வரின் விலாசமும், பதினைந்தாம் எண்ணுக்கு எதிரே, டொமைன் நேம் எனப்படும் களப்பெயரும் இருக்கக் காணலாம்.

டி.எச்.சி.பி. கொண்டுவந்த பெரிய மாறுதல் குத்தகை. பூட்பி முறையில் எந்த யந்திரத்துக்கு எந்த எண் என்று நிர்வாகி முன்கூட்டியே எழுதி வைத்திருக்க வேண்டும். வந்துபோகிறவர்களுக்கு அது சரிப்படாது. டி.எச்.சி.பி. விலாசத்தைத் தவணைக்குக் கொடுக்கிறது. தவணையில் பாதி கழிந்ததும் யந்திரம் புதுப்பிக்கக் கேட்கும். கொடுத்தவர் மௌனமாக இருந்தால், எட்டில் ஏழு பங்கு கழிந்ததும் எவராயினும் சரி என்று எல்லாரையும் கேட்கும். தவணை தீர்ந்தும் பதில் இல்லையேல் விலாசத்தை விட்டுவிடும். கம்பி வழி அலுவலகங்களில் ஒரு நாள், அதாவது 86,400 விநாடி, என்று தவணை வைப்பது வழக்கம். ஜனங்கள் அரைமணி நேரம் இருந்துவிட்டு எழுந்து போகும் நூலகத்திலும் உணவங்காடியிலும் அவ்வளவு வைத்தால், போனவர்களின் பெயரில் விலாசங்கள் முடங்கிக் கிடக்கும். 254 விலாசங்கள் கொண்ட ஒரு சிறு வட்டம் மத்தியானத்துக்குள் தீர்ந்துபோகும். ஆகவே இடத்தின் இயல்பை அறிந்து தவணை வைப்பதே நிர்வாகியின் சாமர்த்தியம்.

சிங்கப்பூரின் பங்கை இனிச் சொல்ல வேண்டும். சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்துக்கு 1987இல் பிட்நெட் என்னும் பல்கலைக்கழக வலையமைப்பின் இணைப்பு வந்தது. 1988 அக்டோபரில் எஸ்.ஜி. என்ற ஈரெழுத்து நாட்டுப்பெயர் இணையத்தின் மூலப் பேரேட்டில் ஏறியது. 1991இல் டெக்நெட் என்ற ஆராய்ச்சி வலையமைப்பு தொடங்கிற்று. 1994இல் சிங்நெட் என்ற சேவை வந்து பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. 1995இல் நாட்டுப்பெயரின் கீழ்ப் பெயர் பதிவு செய்வதற்கென்றே தனி ஸ்தாபனம் அமைந்தது. அந்நாட்களில் மோடம் வைத்திருந்தவர்களுக்கு நினைவிருக்கும்: சந்தா கட்டியதும் கொடுத்த தாளில், பெயர்ச் சர்வரின் நான்கு எண்கள் புள்ளிகளிடையே அச்சிடப்பட்டிருக்கும், அவற்றைத் தவறில்லாமல் தட்டெழுத வேண்டும். ஓர் இலக்கம் பிசகினால், தொலைபேசி இணைந்து மீட்டர் ஓடும், ஆனால் ஒரு பக்கமும் திறக்காது. ஒவ்வொரு வீட்டிலும் கையால் நடந்த அந்த வேலையைத்தான், பிற்காலத்தில் ஒரே இடத்தில் இருந்தபடி எல்லாருக்கும் செய்து கொடுக்கும் யந்திரங்கள் ஏற்றுக்கொண்டன.

காற்றலை வழி இணைப்புக்கு 1997இல் முதல் தர நிர்ணயம் வந்தது. இரண்டாண்டில் வைஃபை என்ற பெயர் வழங்கலாயிற்று. ஆரம்பத்தில் கூரையில் பொருத்தி இணைப்பைப் பரப்பும் ஒவ்வொரு ஆக்சஸ் பாயின்டும் தனிக்காட்டு ராஜாவாக இருந்தது. நூறு கருவி இருந்தால் நூறு முறை ஏறி இறங்கி அமைப்பை மாற்ற வேண்டும். எல்லாவற்றையும் நடுவில் உள்ள ஒரு கன்ட்ரோலரின் கீழ்க் கொண்டுவரும் யோசனையை, ஏர்ஸ்பேஸ் முதலிய நிறுவனங்கள் 2000களின் ஆரம்பத்தில் செயலாக்கின. 2005இல் சிஸ்கோ நிறுவனத்தார் ஏர்ஸ்பேஸை 45 கோடி டாலருக்கு வாங்கினார்கள். 2009இல், கன்ட்ரோலரும் ஆக்சஸ் பாயின்டும் பேசிக்கொள்வதற்கான கேப்வேப் என்ற பொதுவிதி வெளியாயிற்று.

இந்த ஏற்பாட்டில் ஒரு நுட்பம் உண்டு. அது கவனித்துப் பார்க்கத் தக்கது. புதிதாகக் கூரையில் மாட்டிய ஆக்சஸ் பாயின்டுக்குத் தன் எஜமானன் எங்கே இருக்கிறான் என்று தெரியாது. அதுவும் முதலில், ஒரு சாதாரணக் கைப்பேசியைப் போலவே, டி.எச்.சி.பி.யிடம் விலாசம் கேட்கிறது. பதிலோடு வந்த களப்பெயரை எடுத்துக்கொண்டு, அதன் முன்னால், சிஸ்கோ கருவியாயின், 'சிஸ்கோ-கேப்வேப்-கன்ட்ரோலர்' என்று தன் நினைவில் பதிந்திருக்கும் சொல்லை ஒட்டி, அந்த முழுப்பெயருக்கு எண் என்னவென்று பெயர்ச் சர்வரிடம் கேட்கிறது. நிர்வாகி அந்தப் பெயரைப் பேரேட்டில் எழுதி வைத்திருந்தால் எண் வரும், கருவி போய்ச் சேரும். களப்பெயரில் ஓர் எழுத்து விடுபட்டிருந்தாலோ, பெயர்ச் சர்வரின் எண் பழையதாக இருந்தாலோ, கூரையிலிருக்கும் விளக்கு நிறம் மாறி மாறி மின்னிக்கொண்டே இருக்கும், ஏணியோடு வந்தவர் கருவி பழுதென்று எண்ணி வேறொன்றை மாட்டுவார், அதுவும் மின்னும். பிழை கூரையில் இல்லை, பூட்டிய அறையில் ஒரு வரியில் இருக்கிறது. இந்தத் தொழிலில் இருக்கும் நம்மவர்கள், 'ஐ.பி. வந்துடுச்சு, டி.என்.எஸ். வரல' என்று ஒரே மூச்சில் நோயின் நிதானத்தைச் சொல்லிவிடுவார்கள். அனுபவம் முதிர்ந்தவர்கள் ஏணியைத் தொடுவதற்கு முன்பே அந்த வரியைத்தான் திறந்து பார்க்கிறார்கள்.

2006இல் சிங்கப்பூர் அரசாங்கத்தார் வயர்லெஸ்@எஸ்ஜி என்ற இலவசப் பொதுச் சேவையை ஆரம்பித்தபோது, நகர மையங்களும் நூலகங்களும் அங்காடிகளும் இந்த முறையின் கீழ் வந்தன. பொது இடத்தில் வருகிறவர் யார் என்று தெரியாதாகையால், முதலில் ஒரு வரவேற்புப் பக்கத்தைக் காட்டி, அடையாளம் பெற்ற பிறகே வழிவிட வேண்டும். அடையாளம் சொல்வதற்கு முன் அந்தக் கைப்பேசிக்கு எதையெதை அனுமதிப்பது என்பதே இங்கே பிரச்சினை. எல்லாவற்றையும் தடுத்தால் வரவேற்புப் பக்கத்தின் பெயருக்கே எண் கிடைக்காது. ஆகவே டி.எச்.சி.பி.யையும், பெயர் கேட்கும் 53ஆம் வாசலையும் (போர்ட்) திறந்து வைத்து, மற்ற அனைத்தையும் கன்ட்ரோலர் மறித்துத் திருப்புகிறது. அந்நியனுக்கும் முதலில் கொடுக்கப்படும் சலுகை, பெயர் கேட்கும் சலுகையே. கூலிக்கு வந்த தொழிலாளி ஒருவர் ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவில் நின்று, வீட்டாரோடு முகம் பார்த்துப் பேசக் கைப்பேசியைத் திறக்கும்போதும், முதலில் திறப்பது அந்த வாசல்தான்.

இனி, என் மனத்துக்கு மிக உவப்பான பகுதிக்கு வருகிறேன். பெயர்முறையை வகுத்தவர்கள் ஆங்கில எழுத்துகள் இருபத்தாறு, பத்து இலக்கங்கள், ஒரு சிறு கோடு, இவ்வளவையே பெயரில் அனுமதித்தார்கள். உலகத்தின் பெரும்பான்மையோர் தம் பெயரைத் தம் எழுத்தில் எழுத முடியாத பேரேடு அது. இந்தக் குறையை முதலில் ஏற்றுச் செயலில் இறங்கிய இடங்களில் சிங்கப்பூர் முன் நிற்கிறது. அதற்குத் தமிழ் ஒரு காரணமாக அமைந்தது.

நா. கோவிந்தசாமி சிங்கப்பூரின் பிரசித்தி பெற்ற சிறுகதை ஆசிரியர். தேசியக் கல்விக் கழகத்தில் விரிவுரையாளர். கணியன் என்ற தமிழ் எழுத்துமுறையையும் விசைப்பலகையையும் உருவாக்கியவர். தேசியப் பல்கலைக்கழகத்தில் டெக்நெட்டை நடத்திவந்த டான் டின் வீ என்பவரோடு அவர் சேர்ந்தபோது, எழுத்தறிந்தவரும் கம்பியறிந்தவரும் கைகோத்தார்கள். 1995 அக்டோபரில், சிங்கப்பூர்க் கவிதைகளின் நான்மொழித் தொகுப்பை இணையத்தில் அப்போதைய அதிபர் ஓங் டெங் சியோங் திறந்து வைத்தார். சீனம், மலாய், ஆங்கிலக் கவிதைகளுக்குப் பக்கத்தில் தமிழ்க் கவிதைகளும் தமிழ் எழுத்திலேயே திரையில் தோன்றின. தோ பாயோவின் கட்டடங்களுக்கு ஆறு இலக்க எண் வந்ததும் அதே ஆண்டுதான். 1997 மே மாதத்தில் கோவிந்தசாமியின் முயற்சியால் தமிழ்நெட் 97 என்ற மாநாடு சிங்கப்பூரில் கூடியது. தமிழ்க் கணிமைக்காரர்கள் பல நாடுகளிலிருந்தும் ஓரிடத்தில் சந்தித்தது அங்கேதான். அதன் தொடர்ச்சியாக 1999இல் சென்னையில் கூடிய மாநாடு தமிழ்99 விசைப்பலகையைத் தந்தது. 2000இல் மறுபடி சிங்கப்பூரில் கூடியபோது உத்தமம் என்ற உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் பிறந்தது. அதைக் காணக் கோவிந்தசாமி இல்லை. 1999 மே 26இல், தம் ஐம்பத்து மூன்றாம் வயதில், அவர் காலமாகிவிட்டார்.

1998இல் டான் டின் வீயும் அவரோடு சேர்ந்த இளைஞர்களும், சீனமும் தமிழும் போன்ற எழுத்துகளில் எழுதிய பெயருக்கு எண் கண்டுபிடித்துத் தரும் முறையைப் பல்கலைக்கழகத்தில் சோதித்தார்கள். அயல் எழுத்துப் பெயரை யூனிகோட் என்னும் பொது எழுத்துமுறையின் எண்களாக்கி, அவ்வெண்களை ஆங்கில எழுத்துகளாலேயே எழுதிக்காட்டி, பழைய பேரேட்டில் பழைய விதிப்படியே பதிந்துவிடலாம் என்பது அவர்கள் கையாண்ட யோசனை. அந்த உருமாற்றத்தை நடுவழியில் இருக்கும் பெயர்ச் சர்வரே செய்துவிடும் ஏற்பாடு அவர்களுடையது. ஆகவே, தமிழில் தட்டெழுதிய பெயர் திறக்குமா திறக்காதா என்பது, அந்த மனிதரின் யந்திரத்துக்கு எந்தப் பெயர்ச் சர்வர் கொடுக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்திருந்தது. ஆறாம் எண்ணுக்கு எதிரே எழுதிய அந்த ஒற்றை வரிக்கு, தமிழ் வழங்குமா வழங்காதா என்று தீர்மானிக்கும் அதிகாரம் ஒரு காலத்தில் இருந்தது என்பதை நினைக்கும்போது, அந்த வரியின் மேல் எனக்கு மதிப்பு உண்டாகிறது.

சர்வதேச விதி வகுப்போர் இந்த விஷயத்தை நெடுநாள் விவாதித்து, 2003 மார்ச்சில் வேறு முடிவுக்கு வந்தார்கள்: உருமாற்றம் பயனரின் உலாவியிலேயே நடக்க வேண்டும், சர்வர்கள் எப்போதும்போல் இருக்க வேண்டும் என்பது அம்முடிவு. ஏற்பாடு மாறினாலும், அயல் எழுத்தை ஆங்கில எழுத்தாக்கிப் பழைய பேரேட்டிலேயே வைப்பதென்று சிங்கப்பூர் சோதித்த அடிப்படை யோசனை அதிலும் நிலைத்தது. நாடுகளின் பெயர்களையே சொந்த எழுத்தில் அனுமதிக்கும் தீர்மானம் 2009 அக்டோபரில் சியோலில் நிறைவேறியது. 2011இல் '.சிங்கப்பூர்' என்ற தமிழ்ப் பெயர், சீன எழுத்துப் பெயரோடு, மூலப் பேரேட்டில் ஏறியது, '.இலங்கை', '.இந்தியா' ஆகியவையும் அதே காலத்தை ஒட்டி வந்தன.

அந்த உருமாற்றத்தைச் சற்று அருகில் பார்ப்போம். 'சிங்கப்பூர்' என்று நாம் எழுதினால் நம் கணக்கில் ஆறெழுத்து. யூனிகோட் முறையில் மெய்க்குப் புள்ளியும், உயிர்மெய்க்குத் துணைக்குறியும் தனித்தனியே எண்ணப்படுவதால் அது பதினோரு குறிகள் ஆகிறது. அவற்றை உலாவி மடக்கிச் சுருக்கி, எக்ஸ், என் என்ற ஈரெழுத்தும் இரு சிறு கோடுகளும் முன்னால் வைத்து, மொத்தம் இருபத்திரண்டு ஆங்கில எழுத்தும் இலக்கமும் கோடுமாக்கி அனுப்புகிறது. படிப்பதற்குப் பொருளற்ற அக்ஷரக் குவியல் அது. ஆனால் பூமியின் எந்த மூலையிலுள்ள பெயர்ச் சர்வரைக் கேட்டாலும், அந்தக் குவியலைத் தவறின்றிச் சிங்கப்பூருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். 2012இல் இணையப் புகழ் மண்டபம் என்ற கௌரவம் முதன்முதலாக வழங்கப்பட்டபோது, பேரேட்டைக் காத்த ஃபைன்லர், பேரேட்டைப் பங்கிட்ட மொக்கபெட்ரிஸ், பேரேட்டில் எல்லா மொழிக்கும் இடம் தேடிய டான் டின் வீ ஆகிய மூவரும் அந்த முதல் வரிசையிலேயே இடம்பெற்றார்கள்.

பெயர்ச் சர்வரைக் கொடுப்பவருக்குப் பொறுப்பும் உண்டு. அந்தச் சர்வர், கேட்டவர் எந்தெந்தப் பெயரைக் கேட்டார் என்று முழுவதும் அறியும். நினைத்தால் தவறான எண்ணைக் கூறி வேறிடத்துக்கு அனுப்பவும் முடியும். துஷ்டன் ஒருவன் நூலகத்திலோ காப்பிக்கடையிலோ உட்கார்ந்து தன் யந்திரத்தையே டி.எச்.சி.பி. சர்வராக வேஷம் போட வைத்தால், அவன் சொல்லும் பெயர்ச் சர்வரை அப்பாவிக் கைப்பேசிகள் நம்பிவிடும். இதைத் தடுக்கவே கன்ட்ரோலர்கள் வாடிக்கையாளர் பக்கமிருந்து வரும் டி.எச்.சி.பி. பதில்களை மறிக்கின்றன. பெயர்க் கேள்விகளைப் பிறர் படிக்க முடியாதபடி மூடி அனுப்பும் முறைகள் 2016இலும் 2018இலும் விதிகளாக வந்தன. அப்படி மூடிய சர்வரின் பெயரையே டி.எச்.சி.பி. மூலம் அறிவிக்கும் விதி 2023இல் வெளியாயிற்று. பழைய ஆறாம் எண்ணும் அதன் பக்கத்தில் இன்னும் இருந்துவருகிறது.

இத்தொழிலில் இருக்கும் தமிழ் இளைஞர்களுக்கு ஒரு விண்ணப்பம். சிங்கப்பூரிலும் சென்னையிலும் கொழும்பிலும் கன்ட்ரோலர் முன் அமர்ந்து, வட்டம், வாயில் (கேட்வே), பெயர்ச் சர்வர், களப்பெயர், தவணை என்று வரிசையாக நிரப்பி முடித்து, எல்லாம் சரியாக இருக்கிறதா என்று சோதிக்கும்போது, வழக்கமாகக் கேட்கும் ஆங்கிலப் பெயரோடு நின்றுவிடாதீர்கள், '.சிங்கப்பூர்' என்பதற்கு உரிய சர்வர்கள் எவை என்றும் ஒரு முறை தமிழிலேயே தட்டெழுதிக் கேளுங்கள். பதில் வராவிட்டால் காரணத்தைக் கண்டு திருத்திவிட்டு எழுந்திருங்கள். உங்கள் கோயிலுக்கும் சங்கத்துக்கும் பள்ளிக்கும் இணையத்தில் பெயர் பதிவு செய்ய நேரும்போது, ஆங்கிலப் பெயரோடு தமிழ்ப் பெயர் ஒன்றையும் பதிவு செய்யுங்கள். அதற்கான இடம் பேரேட்டில் 2011 முதல் இருக்கிறது.